அந்த 31 வரி

"இருக்கும் அக்கா, சனம் ரெண்டு இடத்தில பதிஞ்சிருக்கும்."

இதைத்தான் நான் சொன்னனான். வெள்ள நிவாரண லிஸ்ட் செய்யேக்க, என்னோட வேலை செய்யிற அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி, "என்ன தம்பி, 31 டூப்ளிகேட்டோ? அவ்வளவு வருமோ?" எண்டு. நான் ஸ்கிரீனை விட்டுத் தலை நிமிராமலே பதில் சொல்லிட்டன். அவவும் சரியெண்டு போயிட்டா.

2018 டிசம்பர், கிளிநொச்சியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து வெள்ளம் வந்த கிழமை. அந்தக் கிழமை எப்பிடி இருந்ததெண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. விடிய உலர் உணவு லொறி வெளிக்கிடோணும், அதுக்குள்ள லிஸ்ட் முடியோணும். நாலு விதானைமாரிட்ட (கிராம சேவையாளர்மார்) இருந்து வந்த லிஸ்ட், ஒண்டு வேர்ட்டில, ஒண்டு வட்சப் மெசேஜா, ஒண்டு பாமினி எண்ட பழைய எழுத்துருவில, அதை எக்செல்லில ஒட்டினா இங்கிலிஷ் எழுத்தும் கமாவுமாத்தான் தெரியும், யூனிகோட்டுக்கு மாத்தி எடுக்கவே இரவு பத்து மணியாச்சு. எல்லாத்தையும் ஒரே சீட்டில போட்டா 412 வரி.

பேரை வச்சு ஆளைப் பிரிக்க ஏலாது. ஒரு லிஸ்ட்டில ராசம்மா, மற்றதில இராசம்மா, பேருக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் நிண்டாலே எக்செல்லுக்கு அது வேற ஆள். அதால ஐசி, அதுதான் அடையாள அட்டை, நம்பரை வச்சுத்தான் செய்யோணுமெண்டு முடிவெடுத்தன். அந்த முடிவு பிழையெண்டு இப்பவும் நான் சொல்லமாட்டன். 12 இலக்கப் புது நம்பரெல்லாம் ஈ பிளஸ் 11 எண்டு சுருங்கிக் கிடந்தது, அதை விரிச்சன். சில வரியில நம்பர் இருக்கவேண்டிய இடத்தில 'இல்லை', 'விண்ணப்பிச்சிருக்கு', சும்மா ஒரு கோடு, இப்பிடி இருந்தது. கொலம் துப்பரவா இருக்கோணுமெண்டு அதையெல்லாம் அழிச்சு வெறுமையாக்கினன். பிறகு ஒரே மாதிரி வரியளை எக்செல் தானே அழிக்கிற 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்', ஐசி கொலத்துக்கு மட்டும் ரிக். 31 போச்சு, 381 மிஞ்சினது. உண்மையைச் சொன்னா அந்த நம்பரைப் பாக்க எனக்குச் சந்தோசமா இருந்தது, இவ்வளவு நேரம் முறிஞ்சதுக்கு ஒரு பலன் மாதிரி.

வெறுமையா இருக்கிற கட்டமெல்லாம் எக்செல்லுக்கு ஒரே ஆள். முதலாவதை வச்சுக்கொண்டு மிச்சத்தை எறிஞ்சிடும். உண்மையான டூப்ளிகேட் 12தான். மற்ற 19ம் ஐசி இல்லாத ஆக்கள்.

அடுத்தநாள் கண்டாவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில லைன் முடியிற நேரம் ஒரு அம்மா வந்தா. கையில சொப்பிங் பேக், அதுக்குள்ள இன்னொரு பேக், அதுக்குள்ள குடும்ப அட்டை, ஓரமெல்லாம் ஈரத்தில ஊறி மை பரவிக் கிடந்தது. "தம்பி, என்ர பேர் இல்லையாம்." நான் வழமையாக் கேக்கிறதைத்தான் கேட்டன், ஐசி நம்பர் சொல்லுங்கோ அம்மா எண்டு. "அது முள்ளிவாய்க்காலோட போச்சுத் தம்பி. பிறப்புப் பத்திரமும் இல்லை, அதுக்குத்தான் இன்னும் அலையிறன்." அப்பவும் எனக்கு விளங்கேல்ல. "லிஸ்ட்டில இல்லாட்டி நான் என்ன செய்யிறது அம்மா" எண்டு சொன்னன். மூண்டாவது ஆளும் ஐசி இல்லாம வந்து நிண்டாப் பிறகுதான் நெஞ்சு திக்கெண்டது.

ஒறிஜினல் லிஸ்ட் ஈமெயில்ல இருந்தது. அண்டைக்கு இரவே 19 பேரையும் தேடி எடுத்து, அடுத்தநாள் மத்தியானம் சாமான் குடுத்தாச்சு. ஒரு நாள்தான் பிந்தினது எண்டு எனக்கு நானே கனதரம் சொல்லியிருக்கிறன். வெள்ளத்துக்க ஒரு நாள் எண்டா என்னெண்டும் எனக்குத் தெரியும்.

இன்னொண்டையும் பிறகுதான் கண்டன். ஒரு லிஸ்ட்டில பழைய நம்பரும் மற்றதில புது நம்பரும் குடுத்த ரெண்டு பேருக்கு ரெண்டு தரம் போயிருக்கு. பழைய நம்பரில 9 இலக்கமும் வீ எழுத்தும், அது ஒரு ஆள், 12 இலக்கம் இன்னொரு ஆள் எண்டுதானே அது பாக்கும். அவையிலயும் பிழையில்லை, ரெண்டு விதானைமாரும் கேட்டிருப்பினம், அவை ரெண்டு விதானைமாருக்கும் நம்பரைக் குடுத்திருப்பினம்.

இப்ப நான் ஒண்டையும் அழிக்கிறதில்லை. முதல் சீட்டை அப்பிடியே பூட்டி வச்சிட்டு, பக்கத்துக் கொலத்தில கவுண்டிஃப் போட்டு எத்தினை தரம் வருதெண்டு பாக்கிறன், ஐசி இல்லாத ஆக்களைத் தனியா எடுத்து விதானையாருக்கு போன் பண்ணுறன். ஆனா அண்டைக்கு இது தெரிஞ்சிருந்தாலும் செய்திருப்பனோ எண்டு தெரியேல்ல. ஏனெண்டா கீழ இறக்கி அந்த 31 வரியையும் பாக்க எனக்கு ஒரு அஞ்சு நிமிசம் இருந்தது. அக்கா கேட்டதே அதைத்தான். நான் பாக்காததுக்கு நேரமில்லாதது காரணமில்லை, சனம் ரெண்டு தரம் எடுக்கப் பாக்கும் எண்டது எனக்குள்ள ஏற்கனவே இருந்தது, அதால அந்த நம்பர் எனக்குப் புதினமாத் தெரியேல்ல. நானும் இடம்பெயர்ந்து லைன்ல நிண்டு வளந்தவன்தான்.

அக்காவுக்கு 19 பேர் விடுபட்டது தெரியும். அவ ஒண்டும் கேக்கேல்ல, நானும் அந்தக் கதையை எடுக்கேல்ல. மாசக் கடைசியில போன ரிப்போட்டில '31 இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன' எண்டு ஒரு வரி இருக்கு, நான் எழுதினது. 19 பேரைச் சேர்த்தது கீழ வேறொரு இடத்தில 'மேலதிகப் பயனாளிகள்' எண்டு நிக்குது. அந்த வரியை நான் இன்னும் திருத்திக் குடுக்கேல்ல.