நாச்சியார்கோயில் விளக்கு காங்கேசன்துறைக்குப் போன சுற்றுவழி

"இது எத்தனை வருசத்து விளக்கு?"

நாகப்பட்டினம் துறைமுகம், விடிந்தும் விடியாத நேரம். ஒன்றரை அடி குத்துவிளக்கை நாலு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். அந்தத் துணிச்சுருட்டல்கள் ஸ்கேனரில் எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"போன வாரம் வார்த்தது சார்" என்றேன். பில்லைக் காட்டினேன். அடிப்பாகத்தைத் திருப்பியும் காட்டினேன். வெளிப்பக்கம் கடைந்து கண்ணாடி போல இருந்தாலும், உள்பக்கத்தில் மண் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். கஸ்டம்ஸ்காரர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் கேட்டதில் தப்பில்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. பித்தளை, செம்பு, ஐம்பொன் என்று எது பையில் இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். மாதிரி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: 'ஆண்டிக் ஃபினிஷ்' போட்ட பொருளைக் கொண்டுபோகாதீர்கள். புதுசு புதுசாகவே தெரியட்டும்.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் விளக்குப் பட்டறை. எங்கள் ஊர் விளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பது, அடி, தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டு முடுக்குவது எல்லாம் அப்பா காலத்து வேலைதான். ஏற்றுமதி மட்டும் அப்பா காலத்தில் கிடையாது. தாத்தா காலத்தில் தனுஷ்கோடி வழியாகச் சரக்கு சிலோனுக்குப் போகும் என்று கேள்வி. 1964 டிசம்பர் புயலோடு அந்தத் தனுஷ்கோடியே போய்விட்டது.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது கப்பல்தான். 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற கப்பலை விட்டார்கள். சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை வந்து கப்பல் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓட ஆரம்பித்தது. அதில் கோயில் சுற்ற வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எங்கள் கடையில் இரண்டு விளக்கு வாங்கினார். அங்கே சாமான் கடை வைத்திருக்கிறாராம். "தம்பி, இதை ஒரு நாற்பது அனுப்ப ஏலுமோ?" என்று கேட்டார். ஏலும் என்று நானும் தைரியமாகச் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் கப்பல் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியதும் மாதிரியோடு கிளம்பினேன்.

பயணத்துக்கு முன்னால், இலங்கைக்குள் நுழைய இ.டி.ஏ. என்கிற ஆன்லைன் அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலாவா, வியாபாரமா என்று அதில் ஒரு கேள்வி. நல்லூர்க் கந்தனையும் பார்க்கப் போகிறேன், கடைக்காரரையும் பார்க்கப் போகிறேன், நான் எந்த வகை? முதலில் சுற்றுலா என்று போட்டுவிட்டு, தெரிந்தவர் திட்டியபிறகு வியாபாரம் என்று புதிதாக விண்ணப்பித்தேன். பையில் மாதிரியும் விலைப்பட்டியலும் இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

நாகையிலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர் சொச்சம். ஏறக்குறைய நாலு மணி நேரம். பாதி தூரத்துக்கு மேல் எனக்குத் தலைசுற்றல், அதனால் கடலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கரை நெருங்கும்போது மூடிக் கிடக்கும் பழைய சிமெண்ட் ஆலையின் உருவம் முதலில் தெரியும். குடிவரவு முடித்து வெளியே வந்தால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ யாழ்ப்பாணம். விடியலில் நாகையில் இருந்தவன் மத்தியானம் அவர் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கை முடுக்கி நிறுத்திக் காட்டினேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "நல்ல வடிவு. ஆனா இதைக் கப்பலாலை கொண்டுவர ஏலாது, தெரியும்தானே?"

தெரியாது. அதுதான் விஷயமே. அது பயணிகள் கப்பல். பெட்டி படுக்கை வரும், சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு வரும். நாற்பது விளக்கு என்றால் அது வணிகச் சரக்கு. அதற்குத் தூத்துக்குடி, கொழும்பு, அங்கிருந்து லாரியில் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். பட்டறையிலிருந்து தூத்துக்குடிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் வாசலுக்கு எதிர்த்தாற்போல இருக்கும் கரைக்குப் போக, தெற்கே இறங்கிக் கடலைத் தாண்டி மறுபடி வடக்கே ஏற வேண்டும்.

ஊருக்கு வந்து காகிதங்களை ஆரம்பித்தேன். ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்குவது எல்லாரும் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. பான், வங்கி விவரம், 500 ரூபாய், வீட்டிலிருந்தே முடிந்தது. வருடா வருடம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்றுமதிப் பணம் எந்த வங்கிக் கிளை வழியாக வரும் என்று காட்டும் 14 இலக்க ஏ.டி. கோடை வங்கியில் வாங்கித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பதிய வேண்டும். வரி கட்டாமல் அனுப்ப ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யூ.டி. என்கிற உறுதிமொழி போட வேண்டும். இவையெல்லாம் ஒரு வாரத்து வேலை.

என்னைப் படுத்தியது பிறப்பிடச் சான்றிதழ். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கையெழுத்திட்டு 2000 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதில் சலுகை வேண்டும் என்றால் பொருள் இங்கேதான் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். கணக்கு இதுதான்: கப்பலேற்றும் விலையில் 35 சதவீதமாவது இங்கே சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் நாலிலக்க எச்.எஸ். குறியீடும் (ஒவ்வொரு பொருள் வகைக்கும் சுங்கத்தில் இருக்கும் எண்) முடிந்த பொருளின் குறியீடும் வேறுபட வேண்டும்.

விளக்குக்குக் குறியீடு என்ன? விளக்கு என்றால் 9405. அலங்காரப் பொருள் என்றால் 8306. பித்தளை வீட்டுச் சாமான் என்றால் 7418. இங்கே சுங்கக் காகிதம் பார்க்கும் ஏஜென்டான சி.எச்.ஏ. ஒன்று சொன்னார், யாழ்ப்பாணத்துக்காரரின் ஏஜென்ட் இன்னொன்று சொன்னார். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவதை அலங்காரப் பொருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், வரி கட்டப்போகிறவர் பக்கத்து ஆள் இறுதியாகச் சொன்ன குறியீட்டுக்கே போனோம். புதிதாக இறங்குகிறவர்கள் குறியீட்டை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இலங்கையின் விலக்குப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. உங்கள் பொருள் அதில் இருந்தால் சான்றிதழ் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. பித்தளை எங்கே வாங்கினாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பாதி, பழைய பாத்திரக்காரர் தராசில் நிறுத்துக் கொடுத்தது. ஓட்டை அண்டா, நசுங்கின செம்பு, யாரோ வீட்டுச் சீர்வரிசைக் குடம். அதற்கு ஏது பில்? இந்த ஒரு ஆர்டருக்காகப் பில் போடும் வியாபாரியிடம் கட்டிகளாக வாங்கினேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆசாரிகளின் கூலி, மெருகுக் கூலி, கரி, அரக்கு எல்லாம் எழுதிப் பார்த்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு செலவா ஆகுது நமக்கு?" என்றார். நாற்பது வருடம் பட்டறை நடத்தியவர், ஒரு விளக்கின் அடக்கவிலையை முதல்முறையாகத் தாளில் பார்த்தார்.

வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) தளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். முதல் தடவை திரும்பி வந்தது. இன்வாய்ஸில் 'பிராஸ் லேம்ப்', விண்ணப்பத்தில் 'பிராஸ் ஆயில் லேம்ப்'. ஒரு வார்த்தை. அதற்குள் பெட்டியிலும் சிக்கல். எங்கள் தெரு தச்சர் அருமையாக மரப்பெட்டி அடித்துக் கொடுத்திருந்தார். சி.எச்.ஏ. புகைப்படத்தைப் பார்த்ததும், "முத்திரை எங்கே சார்?" என்றார். வெளிநாடு போகும் மரப்பெட்டியைப் பூச்சி இல்லாமல் சூடேற்றியோ புகை போட்டோ முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்று உலக விதி இருக்கிறது. ப்ளைவுட்டுக்கு அது வேண்டாம். ஆறு பெட்டியையும் பிரித்து ப்ளைவுட்டில் அடித்தோம். மரப்பெட்டிகள் இப்போது எங்கள் பட்டறையில் திரி, நூல் போடப் பயன்படுகின்றன.

பணத்துக்கு, இந்திய ரூபாயிலேயே பில் போடலாமே என்று ஆசைப்பட்டேன். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறந்தது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் வங்கிக்கும் என் வங்கிக்கும் இடையில் அந்த ரூபாய்க் கணக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லை. டாலரில் முடித்தோம்.

ஜூனில் சரக்கு கொழும்பு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து அண்ணைக்குப் போன் போட்டேன். சுங்க வரிச் சலுகை கிடைத்ததா என்றேன்.

"ஓம், சுங்க வரி விட்டிட்டினம். ஆனா துறைமுக வரி எண்டு ஒண்டு, அதுக்கு மேலை வற் பதினெட்டு வீதம். உங்கட பேப்பர் அதுகளுக்குச் செல்லாதாம்."

ஒப்பந்தம் தொடுவது சுங்க வரியை மட்டும்தான். துறைமுக வரியும், அவர் 'வற்' என்று சொன்ன வாட் வரியும் வேறு கணக்கு. விலை பேசும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. அவருக்கு எதிர்பார்த்த லாபம் குறைந்தது. அடுத்த ஆர்டரில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. இந்த ஒப்பந்தத்தை விரிவாக்கும் பேச்சுவார்த்தை 2016லிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் மேசையில் பெரிய விஷயங்கள் இருக்கும். என்னைக் கேட்டால், காங்கேசன்துறை கப்பலில் ஒரு மூலையை மட்டும் சிறு வியாபாரிக்கு ஒதுக்கினால் போதும் என்பேன். யாரும் கேட்கப்போவதில்லை.

பெட்டிகள் யாழ்ப்பாணம் போய்ப் பிரித்தபிறகு இன்னொரு போன்.

"தம்பி, எல்லாம் வடிவா வந்திருக்கு. ஒரு விளக்குக்கு மட்டும் அன்னத்தைக் காணேல்லை."

எங்கள் பட்டறையிலேயே கிடந்தது, மெருகுத் துணிக்கு அடியில். உள்ளங்கை அளவு. இதற்கு இன்வாய்ஸ், குறியீடு, தூத்துக்குடி என்று போனால் அன்னத்தைவிடக் காகிதம் கனக்கும். எப்படியும் அடுத்த ஆர்டர் பேச நேரில் போக வேண்டியிருந்தது. ஆடிக் கடைசியில் நல்லூர்த் திருவிழாவையும் சேர்த்துக் கிளம்பினேன்.

நாகை துறைமுகத்தில் அதே ஸ்கேனர், வேறு அதிகாரி. பையைத் திறக்கச் சொன்னார். துணியைப் பிரித்து அன்னத்தைக் கையில் எடுத்தார்.

"என்ன இது?"

"அன்னம் சார்" என்று சொல்லிக்கொண்டே பில்லை எடுத்து நீட்டினேன்.