அம்மாவோட சுகர் நோட்டு

அக்டோபர் 21, 2025, செவ்வாய்

தீபாவளி முடிஞ்ச மறுநாள். திருச்சில காலைல ஏழு மணின்னா எனக்கு இங்க அமெரிக்கால, எடிசன்ல, முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை. அந்த நேரத்துக்கு அம்மா விரலைக் குத்தி சுகர் பாத்து மெஷினை கேமராவுக்கு நேரா காட்டணும், அதை நான் எக்செல்ல ஏத்தணும், ரெண்டு வருஷமா இதுதான் நடக்குது. இன்னிக்கு வெறும் வயித்துல 212. என்னம்மா இது அதிரசமா லட்டான்னு கத்திட்டேன், பதிலே இல்ல, "வெக்கிறேன்"னு வெச்சுட்டாங்க. 81 வயசு, ராத்திரி இன்சுலின் ஊசி அவங்களேதான் போட்டுக்கணும், அம்மாவைப் பாத்துக்கிற அட்டெண்டர் அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு கிளம்பிடுவாங்க. நான் கறாரா இல்லேன்னா யாரு இருப்பா? போன மாசம் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) 6.4 வந்துச்சு, ஃபேமிலி குரூப்ல போட்டு ஒரே கொண்டாட்டம், அதெல்லாம் சும்மா வந்துடுச்சா.

அக்டோபர் 26, ஞாயிறு

கை இன்னும் நடுங்குது, எழுதினா நிக்கும்னு எழுதறேன்.

இங்க காலைல பதினோரு மணி, அங்க ராத்திரி எட்டரை. போன் எடுக்கல. சரி பாத்ரூம்ல இருப்பாங்கன்னு விட்டேன். திரும்ப அடிச்சேன். மொத்தம் பதினோரு தடவை. கேமராவுல ஹால் மட்டும்தான் தெரியும், டிவி ஓடிட்டு இருக்கு, நாற்காலி காலி. ஞாயித்துக்கிழமை அட்டெண்டர் லீவு. சென்னைல இருக்கிற தம்பிக்கு அடிச்சா அவன் கார்ல கிளம்பினாலும் வந்து சேர நடுராத்திரி தாண்டிடும். எதிர்வீட்டு டீச்சர்கிட்ட ஒரு சாவி கொடுத்து வெச்சிருக்கோம், அவங்கதான் சாப்பிட்ட கையோட ஓடினாங்க. அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்திருக்காங்க, ஜாக்கெட் முழுக்க வேர்வை, டீச்சரைப் பாத்து "நீ யாரு"ன்னு கேட்டிருக்காங்க. இருபது வருஷ பழக்கம்.

சுகர் 54.

முழுங்கறாங்களான்னு முதல்ல கேட்டேன், சொட்டுத் தண்ணி கொடுத்துப் பாத்தாங்க, முழுங்கினாங்க. முழுங்க முடியலேன்னா வாயில ஒண்ணும் ஊத்தாம நேரா 108தான். மூணு ஸ்பூன் சக்கரையைத் தண்ணில கரைச்சு குடிக்க வெச்சு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பக் குத்தினா 81, அப்புறம் கொஞ்சம் தயிர்சாதம். அந்தப் பதினஞ்சு நிமிஷமும் டீச்சர் போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெச்சுட்டாங்க, நான் சுவர்க்கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஊசியும் அதே அளவு, சாப்பாடும் அதே அளவுன்னா ஏன் இறங்கணும்? அட்டெண்டர் அக்காவைத் தனியா கூப்பிட்டு கேட்டேன். ரொம்ப தயங்கினாங்க. "பாட்டி கேமராவுல மூணு இட்லி காட்டுவாங்கம்மா. உள்ள போய் ஒண்ணு சாப்பிட்டுட்டு மிச்சத்தை கேட்டுக்கு வெளிய நாய்க்குப் போட்டுடுவாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

தீபாவளிக்கு அப்புறம்தானாம். நான் கத்தின மறுநாள்லேருந்து.

அம்மாகிட்ட கேட்டப்ப கோவமே இல்லாம சொன்னாங்க, "நம்பர் கம்மியா இருந்தா நீ நல்லா பேசுறடி. அந்த 6.4 வந்த அன்னிக்கு முக்கால் மணி நேரம் பேசின."

மத்த நாள் எவ்வளவு நேரம் பேசினேன்னு கால் லிஸ்ட்டைப் பாத்தேன். நாலு நிமிஷம். மூணு நிமிஷம். ஆறு நிமிஷம். இதுக்கு மேல இன்னிக்கு எழுத முடியல.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர்கிட்ட வீடியோல பேசினோம், தம்பியும் இருந்தான். என் எக்செல் ஷீட்டை ஸ்கிரீன்ல காட்டினேன், பச்சை மஞ்சள் சிவப்பு கலரெல்லாம் போட்டு. அவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு "யாருமா இந்த வயசுல இவ்வளவு டைட்டா வைக்கச் சொன்னது"ன்னார். தனியா இருக்கிற, ஊசி போட்டுக்கிற பெரியவங்களுக்கு அந்த மூணு மாச டெஸ்ட் 8 வரைக்கும் இருந்தா பரவாயில்லையாம், சுகர் ஏறினா வருஷக்கணக்குல கெடுக்கும், இறங்கினா ஒரு ராத்திரில விழுந்து இடுப்பு உடையும், அவருக்கு பயமே அந்த இறங்கறதுதானாம். ராத்திரி டோஸைக் குறைச்சார். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வந்த பிறகுதான் ஊசி, தலைமாட்டுல குளுக்கோஸ் பொடி.

தம்பி எப்பவும் "நீ அங்கேருந்து ஆர்டர் போடு, நான் இங்க ஓடறேன்"னு குத்துவான். இன்னிக்கு ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளியாச்சு, இனி மார்ச் வரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அம்மாவோட ராத்திரி எட்டு மணி எனக்கு காலைல ஒன்பதரைக்கு வருது, அதே நேரத்துல எனக்கு டெய்லி மீட்டிங். மேனேஜர்கிட்ட கால் மணி நேரம் தள்ளி வரேன்னு கேக்கணும். ரெண்டு வருஷமா கேக்கத் தோணல பாருங்க, மியூட்ல போட்டுட்டு அம்மாகிட்ட பேசியிருக்கேன்.

நவம்பர் 6, வியாழன்

லைஃப் சர்டிஃபிகேட், பென்ஷன் வாங்கறவங்க உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் காட்டற சான்று. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனைல இருந்தவர், ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜின் செஞ்ச அதே பணிமனை, அவரோட ஃபேமிலி பென்ஷன்தான் அம்மாவுக்கு. 80 தாண்டினவங்க அக்டோபர் 1லேருந்தே கொடுக்கலாம், நான்தான் கோட்டை விட்டேன். போஸ்ட்மேன் வீட்டுக்கே மெஷினோட வந்தார், 70 ரூபாய். விரல் ரேகை பதியல, பாத்திரம் தேச்சே தேஞ்சு போச்சு. அப்புறம் முகத்தை ஸ்கேன் பண்ணி "கண்ணைச் சிமிட்டுங்கம்மா"ன்னா அம்மா ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறாங்க. டீச்சர் சிரிச்சதுல அம்மாவுக்கும் சிரிப்பு வந்து நாலாவது தடவைலதான் ஓகே ஆச்சு.

80 வயசுக்கு மேல 20 சதவீதம் கூடுதலா வரணும், பென்ஷன் ஆர்டர்ல அம்மாவோட பிறந்த தேதி இல்லேன்னு பேங்க்ல ஒரு வருஷமா இழுக்கறாங்க. அது தனிக் கதை, அடுத்த மாசம் தம்பி தலைல.

நவம்பர் 9, ஞாயிறு

காலைல 178. அம்மா மெஷினைக் காட்டாம கையால மறைச்சுக்கிட்டு, "கொஞ்சம் ஜாஸ்திதான்"னாங்க.

எக்செல்லைத் தொறக்கல. என்னம்மா சாப்பிடப் போறேன்னு கேட்டேன், இட்லியும் தேங்காய்ச் சட்னியுமாம். அட்டெண்டர் அக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்களாம். நேத்து மழைல கொல்லைப்பக்க முருங்கைக் கிளை முறிஞ்சிடுச்சாம், கீரையெல்லாம் டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தாச்சாம். இருபத்தெட்டு நிமிஷம் ஆச்சு.

வெக்கிறதுக்கு முன்னாடி, மூணு இட்லியும் நீயேதானே சாப்பிடுவேன்னு கேட்டேன்.

"நான்தான்டி. நாய்க்குத் தனியா ரெண்டு ஊத்தி வெச்சிருக்கேன், அது என்ன பண்ணும் பாவம், பழகிடுச்சு."