முன்பருவத் தக்காளி: நாற்றிலேயே முக்கால் வேலை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் டிசம்பரில் வீட்டுத் தக்காளி பறிக்க வேண்டுமானால், ஆவணி முடிவதற்குள் விதை போட்டுவிட வேண்டும். ஐப்பசி மழை இறங்கும்போது செடி வேர் பிடித்து நிற்க வேண்டும், அதுதான் கணக்கு.

ரகம் பார்த்து எடுங்கள். பி.கே.எம். 1, தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. விதை எடுத்து மறுபடியும் போடலாம். அர்க்கா ரக்‌ஷக் இலைச்சுருட்டை நோயைத் தாங்கும். ஆனால் அது வீரிய ஒட்டு (கலப்பின ரகம்), பழத்து விதையை நம்பாதீர்கள். வாடல் தொல்லை உள்ள செம்புறை மண்ணுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, அனகா ரகங்கள் நல்லது.

குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு நிரப்புங்கள். நார்க்கழிவை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் முளை நுனி கருகும். விதை அரை சென்டிமீட்டர் ஆழம் போனால் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்று சாய்ந்து அடித்தண்டு அழுகினால், பூஞ்சைதான் காரணம், மாலையில் ஊற்றும் தண்ணீர் இரவெல்லாம் நின்று அதை வளர்க்கும். காலையில் மட்டும் ஊற்றுங்கள்.

பலர் விடுவது வலையைத்தான். வெள்ளை ஈ நாற்றிலேயே சுருட்டை வைரஸை ஏற்றிவிட்டால், நட்டபின் எந்த மருந்தடித்தும் பயனில்லை. கொசுவலைத் துணியில் ஈ நுழைந்துவிடும். 40 முதல் 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) நைலான் வலை வாங்கி, முளைத்த நாளிலிருந்து நடும் நாள்வரை ஓரம் விடாமல் மூடி வையுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை வந்த ஈயைக் காட்டும், வருவதைத் தடுக்காது.

25 நாளில், ஐந்தாறு இலை வந்ததும் மாலையில் நடுங்கள். அதற்கு நாலைந்து நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து நாற்றை உறுதியாக்க வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி புதையுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரி வேர்ச்செடி மேல் ஒட்டுக்கட்டிய நாற்றுக்கு இது கூடாது, ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் ஓரடி உயரப் பாரில் நடுங்கள். சுண்ணாம்பு அதற்கு வேண்டாம். புளித்த (அமிலத்தன்மை உள்ள) செம்புறை மண்ணுக்கு மட்டும் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு போடுங்கள்.

பூக்கும்முன் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை மட்டும் கொழுக்கும், பூ உதிரும். நட்ட செடி பச்சையாகவே திடீரென வாடினால் தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்க விடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் மிளகாய், கத்தரியும் வைக்காதீர்கள். காயின் அடி கறுத்தால் அது நோயில்லை, தண்ணீர் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருந்ததால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. செத்தை மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே அளவில் வையுங்கள்.