ஹீப்புக்கு 4 ஜிபி இடம் தேடிய கதை

ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய நிரல்மொழிக்குக் கம்பைலரும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) ரன்டைமும் (நிரல் ஓடும்போது நினைவகம் முதலியவற்றைக் கவனிப்பது) எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரல் ஓடும்போது உருவாகும் தரவுகள் குடியிருக்கும் நினைவகப் பகுதிதான் ஹீப். அதை முகவரி வெளியில், அதாவது நிரல் பயன்படுத்தக்கூடிய நினைவக முகவரிகளின் வரிசையில், எங்கே வைப்பது என்பதை ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று மாதம் இழுத்துவிட்டது.

ஆசை இரண்டு. பாயின்டர்கள் (ஒரு தரவு இருக்கும் முகவரியைச் சுட்டும் எண்கள்) 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும். 8 பைட்டுக்குப் பதில் 4 பைட் என்றால் அதே கேஷில் (ப்ராசஸரின் சிறிய வேக நினைவகம்) இன்னும் நிறையப் பிடிக்கும். அடுத்தது, ஹீப்பை அப்படியே ஒரு கோப்பில் எழுதி, மறுமுறை அதே இடத்தில் ஏற்றிவிட வேண்டும், ஒரு பாயின்டரைக்கூடத் திருத்தாமல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 4 ஜிபிக்குக் கீழே ஒரு நிலையான முகவரிதான் கண்ணில் படும். 256 எம்பி எல்லையில் தொடங்கலாம் என்று முடிவெடுத்து, இயங்குதளத்திடம் நினைவகம் கேட்கும் எம்மேப் அழைப்பில், சொன்ன முகவரியிலேயே வேண்டும் என்னும் மேப் ஃபிக்ஸ்டு ஃபிளாக்கைப் போட்டேன். என் லினக்ஸ் கணினியில் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நண்பர் ஒருவர் அதைத் தன் சி நிரலுக்குள் லைப்ரரியாகச் சேர்த்தபோதுதான் வினை வந்தது. இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு அவருடைய நிரல், வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும் ஃப்ரீயை அழைக்கும் ஏதோ ஓரிடத்தில் விழும். பயன்படாத நினைவகத்தை மீட்கும் என் குப்பை சேகரிப்பான்மீது சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். கடைசியில் ஓட்டத்தை நிறுத்தி, அந்தப் ப்ராசஸின் (ஓடும் நிரலின்) நினைவகப் பகுதிகளைப் பட்டியலிடும் மேப்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஹீப் என்று பெயர் போட்ட வரிகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒன்றுக்கு மட்டும் எக்ஸிகியூட் அனுமதி, அதாவது அங்குள்ளதை நிரலாக ஓட்டும் அனுமதி. அது என்னுடையது! அப்போது கம்பைலர் மொழிபெயர்த்த இயந்திர மொழி நிரலையும் அதே பகுதியில்தான் வைத்திருந்தேன்.

அவர் நிரல் பழைய பாணியில், நிலையான முகவரியில் ஏறுவது; 4 எம்பியில் தொடங்கும். மாலாக் என்ற அழைப்பு நினைவகம் எடுத்துத் தரும் அதன் ஹீப் அங்கிருந்து மேல்நோக்கி வளரும். என் ரன்டைமை எழுப்புவதற்கு முன்பே துண்டு துண்டாக முந்நூறு எம்பிக்கு மேல் வாங்கியிருந்தார். மேப் ஃபிக்ஸ்டு யாரையும் கேட்காது. அங்கே யார் குடியிருந்தாலும் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு உட்காரும். பிழை எண்ணும் வராது.

லினக்ஸ் 4.17இலிருந்து மேப் ஃபிக்ஸ்டு நோரீப்ளேஸ் என்ற ஃபிளாக் இருக்கிறது. இடம் காலியாக இல்லையென்றால் மறுத்துவிடும். பழைய கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) இந்த ஃபிளாக் தெரியாது. கொடுத்த முகவரியை வெறும் யோசனையாக எடுத்துக்கொண்டு வேறெங்காவது இடம் தரும். அதனால் திரும்பி வந்த முகவரியை எப்படியும் ஒப்பிட்டாக வேண்டும்.

சரி, அதோடு தப்பித்தோம் என்று நினைத்தால் மேக். அங்கே 64 பிட் நிரல்களில் முதல் 4 ஜிபி முழுவதும் வழக்கமாகத் தொடமுடியாத பகுதி. 32 பிட் பாயின்டரைத் தவறுதலாக 64 பிட்டாகப் பயன்படுத்தினால் உடனே விழட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதைச் சுருக்க, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கரில் ஆப்ஷன் உண்டு. ஆனால் லைப்ரரியாகப் போகிறவன் வீட்டுக்காரரின் லிங்கருக்கு உத்தரவு போட முடியுமா?

கீழ்முகவரி ஆசையை அன்றே விட்டேன். 4 ஜிபி எங்கே கிடைத்தாலும் சரி, அதன் தொடக்கம் 4 ஜிபியின் மடங்காக இருந்தால் போதும். தொடக்க முகவரியை ப்ராசஸரின் ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, பாயின்டராக அங்கிருந்து உள்ள 32 பிட் தொலைவை மட்டும் சேமிப்பது. கோப்பில் இருப்பதும் தொலைவுதான் என்பதால் ஹீப் எங்கே ஏறினாலும் கவலையில்லை. முதலிலேயே இது தோன்றியிருக்க வேண்டும்.

மடங்கில் இடம் வாங்குவது யூனிக்ஸ் பக்கம் எளிது: 8 ஜிபி ஒதுக்கி, இரு ஓரத்தையும் வெட்டி எறியலாம். ஃப்ரீபிஎஸ்டியில் அதுகூட வேண்டாம், இதற்கென்றே ஃபிளாக் இருக்கிறது. விண்டோஸில் ஓரம் வெட்ட முடியாது. ஒதுக்கியதை விடுவதென்றால் மொத்தமாக விட வேண்டும். எனவே 8 ஜிபி வாங்கி, சரியான முகவரியைக் கணக்கிட்டு, முழுவதையும் விட்டுவிட்டு, அந்த முகவரியை மட்டும் மறுபடி கேட்க வேண்டும். இடையில் அதே நிரலில் இணையாக ஓடும் வேறொரு திரெட் அதைத் தட்டிக்கொண்டு போகலாம், ஆகவே கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் லூப். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து வர்ச்சுவல் அலாக் 2 அழைப்பில் மடங்கை நேரடியாகவே சொல்லலாம். பழையவற்றுக்கு லூப்பை வைத்திருக்கிறேன்.

கோப்பிலுள்ள பகுதிகளை 64 கேபி எல்லையில் வைத்தேன். விண்டோஸ் ஒதுக்கீடு அந்த அளவில்தான் தொடங்கும். ஆப்பிள் சிலிக்கானின் 16 கேபி பக்கமும் (நினைவகத்தைப் பங்கிடும் அலகு), சில ஆர்ம் லினக்ஸ்களின் 64 கேபி பக்கமும் அதற்குள் அடங்கிவிடும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முகவரி தேர்வில் எனக்கு மிகவும் பிடித்தது கோ என்ற நிரல்மொழிக்காரர்கள் செய்தது. 64 பிட் கணினிகளில் அவர்களுடைய ஹீப் பெரும்பாலும் பதினறும எண்ணில் சி0 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கும். எழுத்துகளைப் பைட்களாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில், செல்லுபடியாகும் எழுத்தில் சி0 என்ற பைட் வரவே வராது. எனவே ஏதோ ஒரு எழுத்துச்சரம் பாயின்டர் போலத் தோற்றமளிக்கும் வாய்ப்பு குறைவு.

இதற்குப் பிறகும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. சோதனைகளில் தொடக்க முகவரியை வேண்டுமென்றே ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றினேன். சாவியிலிருந்து ஹேஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்பவை ஹேஷ் அட்டவணைகள். கோப்பிலிருந்து ஏற்றிய அவற்றில், கண்ணெதிரே இருக்கும் சாவியைத் தேடினால் இல்லை என்றது. சாவியின் ஹேஷை முழு 64 பிட் முகவரியிலிருந்து கணக்கிட்டிருந்தேன். ஹீப் நகர்ந்தவுடன் எல்லாச் சாவிகளும் தப்பான பெட்டியில். தொலைவிலிருந்து கணக்கிடும்படி மாற்றியது ஒரே வரி.