அம்மா கூப்பிட்டபோது

டிசம்பர் 3, புதன்

விடியற்காலை நாலே முக்கால் இருக்கும். தியானத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "கண்ணு, கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் வந்து புடிச்சு விடேன்" என்றாள். "உட்கார்ந்திருக்கறப்ப கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன். "சரி கண்ணு, நீ பாரு" என்றாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கண்ணை மூடினேன். என் நேரம், என் மௌனம், என் ஆன்மிக சாதனை என்று எல்லாமே "என்" ஆகத்தான் இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று முழுக்கக் குற்ற உணர்ச்சி. ஆபீஸில் கணக்குப் பார்க்கும்போதும், நான் இப்படிப்பட்டவளா என்ற நினைப்புதான். சாயங்காலம் லீ பஜார் வழியாகவே வந்தேன், அம்மா காலையில் சொல்லிவிட்ட தைலத்தை வாங்கவில்லை. மறந்தே போய்விட்டது. நாள் முழுக்க அம்மாவுக்காக வருந்தியதாக நினைத்திருந்தேன். அந்த வருத்தத்திலும் அம்மா இல்லை, நான்தான் இருந்தேன்.

ராத்திரி, மனநல ஆலோசகராக இருக்கும் தோழியிடம் போனில் சொன்னேன். தன்னை மெச்சிக்கொள்வதும் தன்னையே திட்டிக்கொள்வதும் ஒரே செக்கைச் சுற்றுகிற வேலைதான் என்றாள். உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் மனிதத் தேவைகளைப் படிப்படியாக வைத்தபோது, ஒருவர் தன் ஆற்றல் முழுவதும் மலர்ந்து நிற்பதைத்தான் உச்சியில் வைத்தார். கடைசிக் காலத்தில் அதற்கும் மேலே, தன்னைக் கடந்து போவதைப் பற்றிப் பேசினார் என்றும் சொன்னாள். அவர் அதோடு நிறுத்திக்கொள்ளாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்க்கிய முனிவர் வீட்டை விட்டுப் புறப்படும்போது மனைவி மைத்ரேயியிடம் சொல்வதைத் திரும்பவும் படித்தேன். கணவனுக்காகக் கணவன் பிரியமானவன் அல்ல, ஆத்மாவுக்காகவே பிரியமானவன். மனைவியும் பிள்ளைகளும் பொருளும் அப்படியே என்கிறார். இந்த இடத்தைப் போன வருடம் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்க்காமல் இருந்ததற்கு மனதுக்குள் இதைத்தான் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

எவ்வளவு பெரிய தப்பு! அவர் சொல்கிற ஆத்மா என்னோடு முடிந்துபோகிற ஒன்று இல்லை. அதே உபதேசத்தில், எல்லாமே இந்த ஆத்மாதான் என்கிறார். அப்படியானால் சித்தப்பாவின் கட்டிலில் கிடந்ததும் அதுதானே? அகங்காரத்தை ஆத்மா என்று படித்தால், அந்த வரி அப்படியே சுயநலத்துக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது.

டிசம்பர் 6, சனி

தைலம் வாங்கியாயிற்று.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தம்பி காரில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனான். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். அம்மாவால் முடியவில்லை. வெளியே நின்றே கும்பிட்டுக்கொண்டாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இறங்கும்போது பனி மூடிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு. தம்பி விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, ஊர்ந்து வந்தான். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சுவர். வளைவின் ஓரத்தில் கட்டிய கல்கூட கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூல் ஞாபகம் வந்தது. அதை எழுதிய உமாபதி சிவம் ஆணவத்தை, உயிரின் அறிவை மறைக்கிற அந்த அழுக்கை, இருளோடு வைத்துப் பார்க்கிறார். இருள் மற்ற பொருளைக் காட்டாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்று தன்னையாவது காட்டும். ஆணவம் அந்த இரண்டையும் காட்டாது. இந்தப் பனியும் இருள் போலத்தான். பனி என்று தெரிந்ததால் தம்பி வேகத்தைக் குறைத்தான். புதன்கிழமை காலையில் என் ஆணவம் எனக்குத் தெரியவில்லை. அப்போது அதற்குச் சாதனை என்று பேர் வைத்திருந்தேன்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவம் செம்பில் களிம்பு மாதிரி, உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருப்பது. முத்தியில்கூட அது அழிவதில்லை, அதன் வலிமை மட்டும் அடங்கும் என்கிறார்கள். இத்தனை நாள் அதைப் படித்தால் சோர்வாக இருக்கும். இன்று ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

ரமணர் "நான் யார்?" என்ற நூலில் சொல்கிற வழி: எண்ணம் எழுந்தால், இது யாருக்கு என்று கேட்க வேண்டும். எனக்கு என்று வந்தால், நான் யார் என்று கேட்க வேண்டும். எரிச்சலுக்கும் அதைக் கேட்கலாம் என்று இத்தனை நாள் தோன்றவில்லை.

இன்று ஐந்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள். சுள்ளென்று வந்தது. இது யாருக்கு என்று கேட்டேன். பதில் வருவதற்குள் எழுந்துவிட்டேன். போகும்போதே உள்ளே ஒரு குரல், "பார், இன்னைக்கு எழுந்துட்டேன்" என்றது. அதையும் பார்த்தேன்.

அம்மாவுக்கு ஃபேனை நிறுத்த வேண்டுமாம், குளிர்கிறதாம். நிறுத்திவிட்டு, போர்வையைக் காலுக்குக் கீழே செருகிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.