மாம்பழப் பருவத்துக்குள் ஓர் ஆய்வேடு

முதுநிலைப் பயன்பாட்டு உளவியலில் மனிதக் காரணிகளைச் சிறப்புப் பாடமாக எடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஆய்வேட்டை முடித்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வழி சொல்ல ஆள் இருக்கவில்லை.

உளவியல் என்றால் மனநல ஆலோசனை என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். இந்தத் துறை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்களைத் தரையிறக்கிய கையோடு, இறக்கைத் தட்டுகளை மடக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானியின் கவனக்குறைவு என்று கோப்பை மூடிவிடாமல், இரண்டு விசைகளும் ஒரே மாதிரி அருகருகே இருப்பதைக் கவனித்தவர் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர். விசைகளின் வடிவத்தை வேறுபடுத்தியதும் குழப்பம் தீர்ந்தது. ஆளைத் திட்டுவதற்கு முன் அவர் கையாளும் பொருளைப் பார் என்பதுதான் இந்தத் துறை.

நேர்முகத் தேர்வில் நான், தர்மபுரி - சேலம் சாலையில் இறங்கும் தொப்பூர் கணவாயைப் பற்றிப் பேசினேன். அங்கே லாரி கவிழ்ந்தால் செய்தியில் ஓட்டுநரின் அலட்சியம் என்று வரும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நெடுநேரம் வேகமாக வந்த கண்ணுக்கு அந்த வேகமே மெதுவாகத் தோன்றும். சரிவு எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும். அதன்பின் தேர்வாளர்கள் கேட்டதெல்லாம் தொப்பூரைப் பற்றித்தான். ஊரில் பார்த்ததைப் பேசத் தயங்காதீர்கள்.

நுழைவுத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். புள்ளியியலையும் ஆய்வு முறைகளையும் நன்றாகப் படித்தால் பிறகும் உதவும். தொலைநிலையில் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது.

உண்மையான போராட்டம் ஆய்வேட்டில்தான். தரம் பிரிக்கும் பெல்ட்டில் நின்று அழுகிய பழங்களைப் பொறுக்கும் பெண்களின் கவனம், ஷிப்ட் நீள நீள என்னவாகிறது என்பது என் கேள்வி. ஒரே மாதிரியான காட்சியைக் கண்காணிப்பவர்களின் கவனம் முதல் அரை மணி நேரத்திலேயே தளர்கிறது என்று மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-இல் காட்டினார். அவர் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்க வைத்தது ஓர் ஆய்வகத்துக் கடிகார முள்ளை. நான் பார்க்க நினைத்தது ஓடும் பெல்ட்டில் உருண்டு வரும் பெங்களூரா மாம்பழங்களை.

மாங்கூழ் ஆலைகளின் பருவம் மே வாக்கில் சூடுபிடித்து ஜூலையோடு அடங்கிவிடும். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதோ கடைசி செமஸ்டரின் ஏப்ரலில். அந்த வருடத்து மாம்பழத்துக்குக் காத்திருந்தால் படிப்பு முடிந்துவிடும். ஆகவே முதலாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் தரவு எடுக்க வேண்டும். அதற்கு, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏப்ரலுக்குள் வந்தாக வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் புரிந்துகொண்டு முதல் செமஸ்டரிலேயே தலைப்பை ஏற்றுக்கொண்டார். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

குழு என் விண்ணப்பத்தை ஒருமுறை திருப்பி அனுப்பியது. தனிநபர் பதில்கள் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்தில் தெளிவாக எழுதச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும்போது, ஆலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் மிகச் சரி. சில ஆலைகள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. இசைந்த ஆலையில், இந்த இரண்டு நிபந்தனைகளால்தான் அக்காக்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

பணிச்சுமையை அளக்க, 1988-இல் ஹார்ட்டும் ஸ்டேவ்லண்டும் வெளியிட்ட நாசா அளவுகோலைப் பயன்படுத்தினேன். மனச்சுமை, உடற்சுமை, நேர நெருக்கடி, செயல்பாடு, முயற்சி, எரிச்சல் என ஆறு கோடுகள். கோட்டின் மேல் அவர்கள் விரல் வைத்த இடத்தில் நான் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஷிப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் அதே ஆட்களிடம் எடுத்ததால், இணை அளவீடுகளுக்கான புள்ளியியல் சோதனையையே போட வேண்டும். ஜமோவி என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும்.

பெல்ட் ஓரத்தில் குள்ளமான ஓர் அக்கா, பழக்கூடைப் பலகைகள் இரண்டைச் சேர்த்து ஆணியடித்து, வழுக்காமலிருக்க மேலே சாக்கு சுற்றி, அதன்மேல் நின்று வேலை செய்தார். ஏனென்று கேட்டேன். தோளைத் தொட்டுக் காட்டினார். இத்தகைய லேசான கைவேலைக்கு மேடை, முழங்கையைவிடச் சற்றுத் தாழ இருக்க வேண்டும் என்கிறது பாடம். அளந்து பார்த்தேன். பலகை இல்லாவிட்டால் அந்த பெல்ட் அவர் முழங்கைக்கு மேலே நின்றது. பலகையோடு, பாடம் சொல்லும் உயரத்துக்கே வந்துவிட்டது. அந்தப் பலகையின் படத்தை, அவருடைய சம்மதத்தோடு, ஆய்வேட்டில் ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அதிக நேரம் பேசப்பட்டதும் அந்தப் பக்கம்தான்.

புளி உடைப்பு, பட்டுக்கூடு என்று நம் பக்கத்து வேலைகள் பலவற்றுக்கும் இந்தப் படிப்பில் இடமுண்டு. எடுப்பதாக இருந்தால் முதலில் அந்த வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். ஆலையின் அனுமதிக் கடிதத்தை வேலை இல்லாத மாதங்களில் போய்க் கேளுங்கள். பருவம் தொடங்கிவிட்டால் மேலாளருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.