வெறியும் மயக்கமும்

வெறின்னா இப்போ வெறிநாய், சாதிவெறி, குடிவெறிதான் ஞாபகத்துக்கு வருது. சங்கப் பாட்டுல அதுக்கு நறுமணம்னும் பொருள் உண்டுங்க. முருகன் தன் மேல இறங்கிட்டதா வேலன், அதாவது முருகனோட பூசாரி, ஆடுறது வெறியாட்டு. மகளுக்கு வந்தது காதல்னு தெரியாம தாய் வேலனைக் கூப்பிட்டு ஆட விடுவா. சாமியா இருந்தாலும் நீ விவரமில்லாதவன்தான்னு முருகனையே கிண்டலடிக்கிற பாட்டு நற்றிணையில இருக்குது. என்ன தைரியம்!

மயங்குதல்னா கலத்தல். இலக்கணத்துல மெய்ம்மயக்கம்னா ரெண்டு மெய்யெழுத்து அடுத்தடுத்து வர்றது, அவ்வளவுதான். யாரும் கீழ விழலை.

எங்க ஈரோட்டுப் பக்கம் மாரியம்மன் பண்டிகையில கம்பத்தைச் சுத்தி ஆடுறப்ப ஒருத்தருக்கு வந்துட்டா, "அருள் வந்துருச்சு"ம்பாங்க. அதே ஆளு ராத்திரி குடிச்சுப்போட்டு ஆடிட்டு வந்தா என்ன பேருன்னு அவரூட்டு அம்மிணியைக் கேளுங்க.